பின் கண்ணாடியில் என் பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் இதை எழுதி, புது வண்டியின் சீட்டில் வைக்கிறேன்.

பத்தாவது முடிந்ததும், இலத்தூரிலிருந்து தென்காசிக்குக் கூட்டமான பஸ்ஸில் போக வேண்டாம் என்று என்னை நிறுத்தினீர்கள். "ஏட்டி, கார் வரட்டும். நானே பள்ளிக்கூடத்துல கொண்டு விடுதேன்" என்றீர்கள். கார் வந்தது. பின் கண்ணாடியில் என் பெயரை ஒட்டினீர்கள். போன சாரல் சீசன் முழுக்க உங்கள் கூட்டாளிகளோடு என் பெயர் குற்றாலம் போய்வந்தது. நான் வீட்டில் இருந்தேன்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் காரைக் கொடுத்துவிட்டுச் சிவப்பில் ஸ்போர்ட்ஸ் மாடல் எடுத்தீர்கள். கொடுக்கும் முன், பெயர் இருந்தால் ஷோரூமில் விலையைக் குறைப்பார்கள் என்று, பிளேடை என்னிடமே தந்தீர்கள்.

"நீதான் பொறுமையா சுரண்டுவ. கண்ணாடில கீறல் விழாம பாத்துக்கட்டி."

கீறல் விழவில்லை, அப்பா.

புது வண்டியிலும் பெயர் ஒட்டுவீர்களா என்று அம்மாதான் கேட்டாள். "ஒட்டுனா பட்டிக்காட்டு வண்டின்னு சிரிப்பானுவ" என்றீர்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவீர்களா என்றும் கேட்டாள். "அந்த ரோட்டுலயா? தாழ்வான வண்டில்லா, அடி தட்டும்" என்றீர்கள்.

பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவள் கையெழுத்தே போதும் என்று டீச்சர் சொன்னார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை, எட்டு மணி பஸ்ஸில் போகிறேன். உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே போவேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள்