முள் மாட்டாத மரமீன்

சின்ன காஞ்சிபுரம்
15-3-1972

சிரஞ்சீவி ஹயக்ரீவனுக்கு உன் அப்பா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் அனைவரும் க்ஷேமம் என்று முப்பத்திரண்டு வருஷம் ஊராருக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்த கை இது, இன்றைக்கு அந்த ‘அனைவரும்’ மாத்திரம் எழுத வரமாட்டேன் என்கிறது. நான் இருக்கிறேன், இரண்டு வேளை சாப்பிடுகிறேன், காலையில் கோயிலுக்குப் போய் வருகிறேன், அதையே க்ஷேமம் என்று வைத்துக்கொள். அங்கே இன்னும் பனி கொட்டுகிறதா, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பதற்கு உடனே பதில் எழுது.

அம்மா போய் இருபத்தாறு நாள் ஆயிற்று. பதின்மூன்று நாள் காரியமும் குறைவில்லாமல் நடந்தது, நீ நிற்க வேண்டிய இடத்தில் நானே நின்று செய்தேன். பனிப்புயலில் விமானம் இல்லை, எப்படியாவது புறப்படுகிறேன் என்று நீ தந்தி கொடுத்ததும், வர வேண்டாம் என்று பதில் தந்தி கொடுத்தவன் நான்தான். நாலைந்து நாள் கழித்து வந்து நீ யார் முகத்தைப் பார்க்கப் போகிறாய் என்று நினைத்துச் செய்தேன். சரியோ தப்போ தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் பிள்ளை எங்கே என்று கேட்டபோது, நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. பசுவை ஐயம்பேட்டைக்கு ஓட்டி அனுப்பிவிட்டேன், என்னால் அதைக் கட்டி மேய்க்க முடியாது, அது போகும்போது அவள் படுத்திருந்த ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போயிற்று.

நீ தை மாதம் எழுதிய கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. தொலைந்துபோயிருக்கும் என்று நீ நினைத்திருக்கலாம், தொலையவில்லை, என் பெட்டியில்தான் இருக்கிறது. நீ குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் கார்ல்சன் உன்னை ஆற்றுக்குக் கூப்பிடுகிறார், ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் தெரிந்ததும் வால்ஐ என்ற மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பார்கள், அதன் கண் புரை விழுந்த மாதிரி வெளுத்திருக்கும் என்று எழுதியிருந்தாய். உயிருள்ள பொடிமீனை முள்ளில் குத்தி விடுவதா, மண்புழுவா, இல்லை மரத்திலும் ஈயத்திலும் மீன் மாதிரி செய்து விற்கிற பொய் இரையைக் கட்டி இழுப்பதா, என்ன நிறம், எத்தனை பெரிசு, கடையில் போய் நின்றால் தலை சுற்றுகிறது என்றும் எழுதிவிட்டு, அப்பா, நீங்கள் முப்பது வருஷமாகக் கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுகிறவர், குளிர்ந்த தண்ணீரில் மீன் எதை நாடி வரும் என்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறான் பார், ஏழு கடல் தாண்டிப் போனது மீன் பிடிக்கவா என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஆனால் அம்மா விடுவாளா. தபால்காரர் மணி அடித்ததைக் கேட்டுவிட்டாள். கண் இரண்டிலும் புரை, அதோடு மூச்சிரைப்பு வந்து படுத்தவள், உன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்ட வேண்டும். பிள்ளையார்பாளையம் போஸ்டாபீசில் இருந்தபோது எழுதப் படிக்கத் தெரியாத நெசவுக்காரர்களுக்கு எத்தனையோ கடிதம் படித்திருக்கிறேன், சாவுச் செய்தியானாலும் ஒரு எழுத்துக் கூட்டினதில்லை, குறைத்ததில்லை. அப்படிப்பட்டவன் என் பெண்டாட்டிக்கு உன் கடிதத்தை மாற்றிப் படித்தேன். பிள்ளை தினம் ஆற்றங்கரைக்குப் போகிறானாம், மீனுக்குத் தீனி போடுகிறானாம் என்று படித்தேன். அங்கே பொரி கிடைக்கறதாமா என்று கேட்டாள். சோளப்பொரி கிடைக்கிறதாம் என்றேன். உப்புப் போட்டதா, போடாததா, உப்புப் போட்டதைப் போட்டால் மீனுக்கு ஆகாது, கேட்டு எழுதுங்கோ என்று சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி அடங்கக் கால் மணி ஆயிற்று. அதற்கப்புறம் தினம் சாயங்காலம் ஆனால், இன்னிக்கு என்ன போட்டானாம் என்பாள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். கடைசி நாள் வரைக்கும் கேட்டாள். என் பிள்ளை குளத்தங்கரைப் பிள்ளையாகவே இருக்கிறான் என்ற நிம்மதியோடு போனாள் என்று எனக்கு ஒரு ஆறுதல், அந்த நிம்மதி என் பொய்யால் வந்தது என்பது ஒரு உறுத்தல், இரண்டையும் வைத்துக்கொண்டு தவித்தேன்.

பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்த மறுநாள் பக்கத்து அகத்துப் பாச்சாவின் மருமகள் நாமகிரி ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து வைத்தாள். மாமா கோவிச்சுக்கப் படாது, மாமிக்கு எல்லாம் தெரியும் என்றாள். நீங்க படிச்ச அன்னிக்கு சாயங்காலமே, நீங்க கோயிலுக்குப் போனப்புறம், என்னைக் கூப்பிட்டு அந்தக் கடுதாசை உங்க பெட்டிலேர்ந்து எடுத்து இன்னொரு தரம் படிக்கச் சொன்னா, எப்பவுமே ரெண்டு தரம் கேட்டாத்தான் மாமிக்குத் திருப்தி என்றாள். மீன் பிடிக்கிற சங்கதியைக் கேட்டு உன் அம்மா, மேலே படி என்றாளாம். கீழே ஒரு இடத்தில், கார்ல்சனோடு படகில் உட்கார்ந்தால் பேச வேண்டியதே இல்லை, பேசாமல் பக்கத்தில் ஒருத்தர் இருக்கிறார் என்பதே போதும், இந்த ஊரில் எனக்கு வேறு யாரும் இல்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் மூன்று தரம் படிக்கச் சொல்லி அழுதாளாம். அந்த வரி என் கண்ணில் படவே இல்லை, ஹயக்ரீவா. மீன் என்ற எழுத்தைப் பார்த்ததுமே எனக்குக் கோபம், அந்தக் கேள்விக்குக் கீழே இருந்ததை நான் படிக்கவே இல்லை. அவர்ட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாதே, பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், கஷ்டப்பட்டுச் சொல்லிண்டிருக்கார், பாவம் என்றாளாம் உன் அம்மா. இதைக் கேட்டு நாமகிரி எதிரிலேயே அழுதுவிட்டேன், வெட்கப்படவில்லை.

முடிச்சுக்குள் என்ன தெரியுமா, உன் மரமீன். ஆறு வயதில் கருடசேவைக் கடையில் அடம்பிடித்து வாங்கினாயே, அதை ஜரிகை நூலில் கட்டிக் குளத்துப் படியோரமாக மெள்ள இழுத்துக்கொண்டு போனாய், பின்னாலேயே ஒரு நிஜ மீன் வந்து அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. பெருமாள் குளத்து மீனை ஏமாற்றுகிறாயா என்று நான் பிடுங்கி வீசினேன், நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் அதைத் தேடி எடுத்துக் கொலுப் பெட்டிக்கு அடியில் இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாள். ஹயக்ரீவனுக்கு இதை அனுப்பச் சொல்லு, உசிரோட எதையும் முள்ளுல குத்த வேண்டாம், இதைக் கட்டிக்கட்டும், பிடிச்சாலும் விட்டுடட்டும், ஆத்தங்கரைக்குப் போறதை மாத்திரம் விட வேண்டாம் என்று நாமகிரியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகையால் உன் கேள்விக்கு இரண்டு மாதம் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். மார்கழி விடியலில் நான் பொரி போட்டால் ஒரு மீனும் மேலே வராது, பொரி மிதந்து அப்படியே ஒதுங்கிவிடும். மீன் கீழ்ப்படியில் அசையாமல் கிடக்கும். குளிரில் அதற்கு எதையும் துரத்தத் தெம்பு இல்லை. வெயில் ஏறி ஓரத்துத் தண்ணீர் சூடு கண்டபிறகு அங்கேதான் வரும், அப்போதும் கைநிறைய இறைத்தால் விலகிவிடும், சின்னதாக ஒன்று வாய்க்குக் கிட்டே விழுந்தால் எடுக்கும். நீயும் பெரிய இரையைக் கட்டாதே, சின்னதாக இருக்கட்டும், அவசரப்பட்டு இழுக்காதே. மரம் மிதக்கும், அடியில் கிடக்கிறவற்றுக்குத் தெரியாது, முன்னால் கொஞ்சம் ஈயம் கட்டிக்கொள். நிறத்துக்கு நானே பிள்ளையார்பாளையம் போய்ப் பட்டுக்குச் சாயம் தோய்க்கிற துரைக்கண்ணுவைக் கேட்டேன். எதுக்கு சாமி என்றார், மீனுக்கு என்றேன், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, கலங்கல் தண்ணியில நூலை அலசறப்ப பாத்துக்கினே இருக்கேன் சாமி, அரக்கு கறுத்துப்பூடும், எலுமிச்சம்பழ மஞ்சதான் கடைசி வரைக்கும் கண்ணுக்குத் தெரியும் என்றார். பனி உருகி வருகிற ஆறு கலங்கலாகத்தானே இருக்கும். மரமீனுக்கு அவரே மஞ்சள் வர்ணம் வாங்கிப் பூசிக் கொடுத்தார், வாலில் பழைய சிவப்பு கொஞ்சம் தெரிகிறது, அதை நான் மறைக்க விடவில்லை.

அதைத் தனிப் பொட்டலமாக விமானத் தபாலில் இன்றே சேர்த்துவிட்டேன், சுங்கத் தாளில் மரப் பொம்மை என்று எழுதினேன், அது பொய் இல்லை. முள் மாட்டுவதற்கு அடியில் ஒரு வளையம் மாத்திரம் வைத்திருக்கிறது, முள்ளை நான் மாட்டவில்லை, என் கையால் அது ஆகாது. முதல் நாள் முள் இல்லாமலே இழுத்துப் பார், ஏதாவது ஒன்று பின்னால் வருகிறதா என்று கார்ல்சனிடமும் காட்டு. அவருக்கு என் நமஸ்காரத்தைச் சொல், என் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருகிறவர், அவர் எதைத் தின்றால் எனக்கு என்ன.

உடைகிற பனிக்கட்டிமேல் காலை வைக்காதே. படகில் ஏறினால் மிதவைச் சட்டை போட்டுக்கொள். சந்தியாவந்தனம் விடாதே என்று எழுத வந்தேன், அதை நீ விட்டு எத்தனை நாளோ, கேட்கவில்லை. தீர்க்காயுசாக, மனசில் குறை இல்லாமல் இரு, உன் அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்திருக்கிறது. ஒன்று மறக்காதே, எனக்கும் இடது கண்ணில் புரை விழுந்துவிட்டது, வலதும் மங்கல், இதை எழுதவே மூன்று நாள் ஆயிற்று. இனிமேல் நீ எழுதுவதை நாமகிரிதான் படித்துக் காட்டுவாள். அவள் ஒரு வரியும் விடமாட்டாள். அதனால் எதை வேண்டுமானாலும் எழுது, நான் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கி. வேங்கடவரதன்