மஞ்சளாய்ப் பூத்த கிலுகிலுப்பை

ராத்தா,

இன்று அஸர்த் தொழுகைக்குப் பிறகு சோளகக் காற்று சட்டென்று அடங்கிவிட்டது. தென்னோலைகூட அசையவில்லை. அப்போதுதான் வேலியோரத்துக் கிலுகிலுப்பைக் காய்கள் கிலுங்கின. வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்த நான் எழுந்து வேலியைப் பார்த்தேன். கண்டதையெல்லாம் கடிக்கும் என் ஆடுகள் அந்தச் செடியை மட்டும் எட்ட நின்றே பார்த்தன. அது ஆட்டுக்கு நஞ்சு, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் மன்னார்ப் பக்கத்திலிருந்து சண்டைக் காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து தில்லையடியில் குடியேறியவர். எத்தாளையில் என் தோட்டத்துக்கு வெங்காயம் பிடுங்க வந்துதான் எனக்குக் கூடப் பிறக்காத ராத்தா ஆனீர்கள். சிறு வயதிலேயே மௌத்தான மகனை ஊர் மையவாடி மண்ணில் அடக்கி, அங்கேயே விட்டு வந்த கதையை ஒரே ஒரு தடவைதான் சொன்னீர்கள். உங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. மகனின் தலைமாட்டில் வீட்டு வேலியிலிருந்த நீலக் கிலுகிலுப்பையை நட்டதாக உங்கள் மாப்பிள்ளை, அவன் தகப்பன், வந்து சொன்னார். அது ஒன்றுதான் உங்களுக்குத் தெரிந்த அடையாளம். காய்ந்த காயை ஆட்டிக்கொண்டே உறங்குகிற பிள்ளையாம் அவன்.

சண்டை முடிந்து பாதை திறந்தபோது மாப்பிள்ளையும் உயிரோடு இல்லை. ஊர் வழக்கத்தையும் மீறி அந்த மையவாடிக்குத் தனியாகப் போய் வந்தீர்கள்.

“அடையாளக் கட்டையெல்லாம் கறையான் திண்டுட்டு, புள்ள. ஒரேயொரு சின்னக் கபுறுலதான் கிலுகிலுப்பை நிண்டிச்சு. பூ இல்ல, காய் மட்டும். நான் கிட்டப் போகக்குள்ள காத்தே இல்ல. ஆனா கிலுங்கிச்சு.”

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காய்களை என் கையில் வைத்தீர்கள். மஞ்சள் கிலுகிலுப்பை நம் கரையெங்கும் தானாக முளைக்கும். நீலத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த விதை நீலமாகப் பூத்தால் அந்தக் கபுறு உங்கள் மகனுடையது.

உங்கள் முற்றம் முழுக்கச் சீமெந்து, அதனால் என் மணலில் போட்டோம். தோல் தடித்த விதை. கல்லில் உரசி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, வீங்கியதை மட்டும் ஊன்றினேன். முளைத்தது. நீலத்துக்குத் தண்டு நாலு மூலையாக இருக்கும், இலையும் அகலம். இதன் தண்டோ உருண்டை. இலை காம்புப் பக்கம் ஒடுங்கி, நுனியில் சிறு பள்ளம் விழுந்திருந்தது. எனக்குத்தான் வாய் சும்மா கிடக்காதே.

“ராத்தா, இது மஞ்சள்ட இலை மாதிரி இரிக்கு.”

“பூக்கட்டும். அதுவரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இரி.”

தண்டை ஒரு தரம் உருட்டிப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். நீங்கள் அதைத் தொடவே இல்லை.

பூத்தது. மஞ்சள்தான். கதிர் கதிராக, வெட்கமில்லாமல் பூத்தது. எனக்கு அதன் மேல் கோபம் கோபமாக வந்தது. நீங்கள் பிடுங்கி எறிந்துவிடுவீர்கள் என்றே நினைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாளியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினீர்கள்.

“இவன் யாருட புள்ளயோ. உம்மா வரல்ல போல. நான் வந்ததும் தன்ட உம்மாண்டு நெனச்சிட்டான்.”

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. பயமும் வந்தது. அன்றிலிருந்து மாலையில் அந்தச் செடியின் பக்கத்தில் இருந்து அந்தப் பிள்ளைக்காக யாசீன் ஓதினீர்கள். காய் முற்றிய பிறகு, நீங்கள் வேலிப் படலையைத் திறந்தாலே கிலுங்கும். நான் காற்றைப் பார்ப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

“என்ட மகனும் எங்கயோ இப்பிடித்தான் ஆரோ ஒரு உம்மாவக் கூப்பிட்டுக்கிட்டு இரிப்பான். அவளும் ரெண்டு சொட்டுத் தண்ணி ஊத்தட்டும்.”

நீங்கள் மௌத்தான பிறகு அந்த வேலை எனக்கு வந்துவிட்டது. செடி பட்டுப்போவதற்கு முன் விதை எடுத்து மறுபடி ஊன்றுகிறேன். மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு துஆவில் உங்கள் பெயரைச் சொல்வேன், உங்கள் மகனின் பெயரைச் சொல்வேன். மூன்றாவதாகச் சொல்ல என்னிடம் பெயர் இல்லை. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். யாரோ மிகக் கிட்ட வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் பெயர் வருமா என்று காத்திருப்பது எனக்குத் தெரிகிறது, ராத்தா. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிறுத்தாமல் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.