வளவு என்று எழுதினேன்

நீர்வேலி தெற்கு,
20.09.1995

அன்பு மகள் மீனாம்பிகை அறிய அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்த நோர்வேப் பனிக்குள் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாருக்கு நாள் தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. கொழும்புக்குப் போய்க் கிளாலியால் வள்ளத்தில் திரும்பி வந்த தம்பிராசா மாமா மடியில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். கடல் தண்ணீர் பட்டு ஒரு பக்கம் மை ஊறியிருந்தது, ஆனால் நீ என்னைப் புகழ்ந்து எழுதின பக்கத்தில் ஒரு எழுத்தும் அழியவில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், முதலில் மற்றப் புதினங்களைச் சொல்லிவிடுகிறேன். சிவத்த மாடு நாம்பன் கன்று போட்டிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு, ஆனால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்கிற பழக்கத்தை மட்டும் விடுகிறாரில்லை, சுற்றுகிறது நான், கேட்கிறது அவர். வெங்காயம் இந்தப் போகம் பரவாயில்லை. நீ தலைமுழுகிவிட்டு ஈரத்தலையோடு வேலைக்கு ஓடுகிறாய் என்று மருமகன் எழுதியிருந்தார், அந்த ஊர்க் குளிர் எங்கடை மார்கழிக் குளிரில்லை, கவனம்.

வீடு குடிபூர்ந்தாச்சு. ஆவணி பன்னிரண்டாம் தேதி நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினோம். வீட்டைக் கட்டிப்பார் கலியாணத்தைச் செய்துபார் என்பார்கள், நாங்கள் உன் கலியாணத்தைச் செய்து ஐந்து வருசம் கழித்துத்தான் அந்தக் கலியாணத்துக்கென்று தொடங்கின வீட்டை முடித்தோம். எண்பத்திரண்டில் அத்திவாரம் போட்டபோது உனக்குப் பதினாறு வயது. அடுத்த வருசம் கலவரத்தோடு அப்பா கொழும்புக் கடையை விட்டு உடுத்த உடுப்போடு வந்து சேர, சுவர் இடுப்பளவில் நின்றுவிட்டது. இந்தியன் ஆமி வந்த வருசம் யன்னல் மட்டத்தில் நின்றது. ஒழுங்கையால் போகிற சனம், பத்மாவதி கட்டுறது வீடோ மதிலோ என்று பகிடி பண்ணும். தொண்ணூறில் தடை வந்து சீமெந்து வராமல் போனது. அதற்கு முதல் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்த பத்துப் பையில் நாலு பை அப்படியே கல்லாய் இறுகிவிட்டது, அவற்றை அப்பா கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கப் போட்டிருக்கிறார், நான் சீமெந்துப் பையில்தான் உடுப்பு அடிக்கிறேன். மிச்சச் சுவரெல்லாம் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியது. கல்லுச் சுமந்தது அப்பா, மணல் அரித்ததும் சுவருக்கு மூன்று நேரம் தண்ணீர் ஊற்றியதும் நான், கட்டியது அடைக்கலநாதன். உனக்கு அவனை நினைவிருக்கும், பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிள் உழக்கி வருகிற மேசன். இறுகாத ஆறு பையையும் சுவருக்குத் தொடாமல் நிலத்துக்கென்று வைக்கச் சொன்னது அவன்தான். சிவப்புச் சாயம் கலந்து, முழங்காலில் நின்று, போத்தல் அடியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினான். விறாந்தையில் குனிந்தால் முகம் தெரியும். அவன் அவன் என்று எழுதுகிறேன், பழக்கதோசம், என்னை விட ஆறு வயது மூத்த மனிசர். இனி அவர் என்று எழுதுகிறேன்.

நீ எழுதியிருக்கிறாய், இடம்பெயர்ந்து வந்த மேசன் குடும்பத்தைக் குடிபூரலுக்கு முதலே புது வீட்டில் ஏற்றி வைத்திருக்கிறீர்களே அம்மா, ஊரில் வேறு ஆர் இப்படிச் செய்வினம் என்று. அங்கே தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று அதைச் சொன்னதாயும், சனம் கை தட்டினதாயும் எழுதியிருக்கிறாய். பிள்ளை, நான் அவர்களை வீட்டில் ஏற்றவில்லை. போன கடிதத்தில் நான் எழுதினது, எங்கள் வளவில் இடம் கொடுத்திருக்கிறோம் என்று. வீடு என்று எழுதவில்லை, வளவு என்று எழுதினேன், மாட்டடியும் கொட்டிலும் வளவுதானே. நீ அதை வீடென்றுதான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் அந்தச் சொல்லைத் தேடிப் போட்டேன். பிள்ளைக்குப் பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாய் இருந்தது. இனி நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஆறுதலாய் இருந்து வாசி.

ஆனி மாதக் கடைசியில் ஆமி முன்னேறி வந்தபோது மேற்குப் பக்கத்துச் சனமெல்லாம் எங்கள் றோட்டால் வந்து கொட்டுண்டது. ஒரு நாள் பின்னேரம் மூன்று மணிபோல் அடைக்கலநாதன் படலையடியில் வந்து நின்றார். சைக்கிள் கரியரில் ஒரு சாக்கு மூட்டை, அதற்குள்ளே இருந்து அவருடைய சாந்து பூசுகிற அகப்பையின் பிடி வெளியே தெரிந்தது. பின்னால் மனிசி லூர்த்தம்மா, அவவின் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு மாத வயிற்றோடு மகள். அவளின் புருசன் மன்னார்ப் பக்கம் அகப்பட்டுப் போய்விட்டாராம். அந்தப் பிள்ளைக்குக் கால் இரண்டும் வீங்கி, செருப்புப் போட ஏலாமல் கையில் வைத்திருந்தாள். அவர் அறை கேட்கவில்லை. "அம்மா, விறாந்தையிலை ஒரு மூலை காணும், பிள்ளைக்கு முதுகு சாய்க்க" என்றார். என் கண் அந்தக் காலுக்குப் போகவில்லை, நிலத்துக்குத்தான் போனது. ஒருத்தரும் மிதிக்காமல் சாக்கு விரித்து மூடி வைத்திருந்த நிலம், நானும் அப்பாவும் கூட பின்னாலுள்ள பழைய மண்வீட்டில்தான் படுத்தோம். நான் சொன்னேன், "அடைக்கலநாதன், வீடு இன்னும் குடிபூரேல்லை, ஆடி கழிஞ்சு ஆவணியிலைதான் நாள் இருக்குது. பிள்ளைத்தாச்சியை ஏத்தி, உள்ளுக்கை பிள்ளை பிறந்திட்டால் முப்பத்தொரு நாள் துடக்கு, பேந்து குடிபூரலும் இல்லை ஒண்டும் இல்லை" என்று. குரல் நடுங்கக்கூட இல்லை, கடைக்காரன் சாமான் முடிஞ்சுது என்று சொல்வானே, அப்படிச் சொன்னேன். அப்பாவில் பிழையில்லை, அவர் பக்கத்தில் நின்றாரே தவிர வாய் திறக்கவில்லை. அடைக்கலநாதன், "ஓம் அம்மா, அதுவும் சரிதான்" என்றார். சரியில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் இரண்டு கதை கதைத்தாவது மனம் ஆறியிருப்பேன்.

வெங்காயக் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தேன். மூன்று பக்கம் ஓலைச் செத்தை, ஒரு பக்கம் வெளி, மேலே முழுக்க வெங்காயப் பிடி தொங்குகிறது, சோளகக் காற்றுக்குப் புழுதி அள்ளிக்கொண்டு வரும். அந்த மணத்துக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு வயிற்றில் தங்கவில்லை, சத்தி சத்தியாய் எடுத்தாள். நான் நேரத்துக்குச் சோறு கொடுத்தேன், பால் கொடுத்தேன், பாய் கொடுத்தேன், ஒன்றிலும் குறை வைக்கவில்லை என்று எனக்கு ஒரு பெருமை வேறு. இருபது முழம் தள்ளி இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் பூட்டிக் கிடந்தன. மூன்றாம் நாள் விடிய மாட்டடிக்குப் போனால் கொட்டிலில் ஆளில்லை. கூட்டித் தண்ணீர் தெளித்து, பாயைச் சுருட்டி, சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கோண்டாவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தோம். உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினது அவர்கள் போய் ஒரு கிழமைக்குப் பிறகு. இடம் கொடுத்திருக்கிறோம் என்று நான் எழுதின நாளில் கொட்டிலுக்குள் வெங்காயம் மட்டும்தான் இருந்தது. அப்படிப் பார்த்தால் வளவு என்றதும் பொய்தான்.

குடிபூரலன்று வீடு கட்டின மேசனுக்குத் தாம்பாளத்தில் வேட்டி சால்வை வைத்து மரியாதை செய்வது முறை. அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு இருந்தாரே தவிரச் சாப்பிடவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் விசயத்தை எடுத்தேன். ஆடிக் கடைசியில் அந்தப் பிள்ளைக்குப் பெண் குழந்தை பிறந்ததாம், வகுப்பறையில் வாங்குகளை ஒட்டிப் போட்டு அதிலேயே பிறந்ததாம். அடைக்கலநாதன் சொன்னாராம், "ஐயா, பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு கழியேல்லை. துடக்கோடை வந்து நிண்டால் அம்மாவுக்கு மனம் ஒரு மாதிரி இருக்கும். குறை நினைக்க வேண்டாம், பேந்து வாறன்" என்று. குத்திக் கதைக்கிற ஆளில்லை அவர், மனதாரத்தான் சொல்லியிருக்கிறார். மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரருக்கு ஏது, பிள்ளை, துடக்கு. துடக்கே பார்க்காத மனிசன் எனக்காகத் துடக்குக் காத்தார். குடிபூரலன்று ஐயர், கட்டின மேசனைக் கூப்பிடுங்கோ என்றபோது நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். வந்த சனமெல்லாம் குனிந்து நிலத்தைத் தடவிப் பார்த்து, ஆர் போட்டது, ஆர் போட்டது என்று என்னைத்தான் கேட்டது. சுகமில்லை, அதுதான் வரேல்லை என்று எல்லாருக்கும் சொன்னேன். ஒரு பொய் தனியே நிற்காது என்று உனக்குச் சின்னனில் சொல்லி அடித்தவள் நான்தான்.

இவ்வளவுக்கும் பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன், உன் கடிதம் வராவிட்டால். அப்பா உரத்து வாசித்தார், சனம் கை தட்டின இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாள் காலை வேட்டி சால்வையைப் பையில் வைத்துக்கொண்டு அவருடைய சைக்கிளில் ஏறிப் போனேன். லூர்த்தம்மா என்னைக் கண்டதும் வாங்கில் கிடந்த உடுப்புகளை ஒதுக்கி இருக்க இடம் தந்தா, பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தா. அந்த வகுப்பறையில் ஆறு குடும்பம், ஆறுக்கும் ஒரு கேத்தில். அறை இரண்டும் சும்மா கிடக்குது, இண்டைக்கே வாருங்கோ என்று கும்பிட்டுக் கேட்டேன். அடைக்கலநாதன், "நிலம் வெடிக்கேல்லைத்தானே அம்மா, வாசல் மூலையிலை எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது" என்று விசாரித்தார். லூர்த்தம்மாதான் சொன்னா, "கோவமில்லை அம்மா. இஞ்சை நெருக்கம்தான், ஆனால் பிள்ளை அழுதால் ஆருக்கும் கேக்கப்போகுதெண்டு வாயைப் பொத்தத் தேவையில்லை" என்று. கொட்டிலில் இருந்த நாட்களில் மகள் சத்தி எடுக்கும்போது எனக்குக் கேட்டுவிடும் என்று சீலைத் தலைப்பால் அவளின் வாயைப் பொத்திப் பிடித்திருக்கிறா என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேட்டியை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி மனிசியிடம் கொடுத்தார், அவ மடிப்பை உதறி, அந்த இடத்திலேயே கூரை வளையில் ஏணை கட்டிக் குழந்தையைக் கிடத்தினா. ஒருக்கால் ஆட்டட்டோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளை, இனி நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்திலேயே மாற்றிச் சொல்ல வேண்டும். உனக்குக் கூச்சமாயிருக்கும் என்று தெரியும். பெற்ற தாயால் நீ சபையில் தலை குனிய வேண்டி வருகிறதே என்று நினைக்கத்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது. ஆனால் நான் இங்கே இப்படி இருக்க, அங்கே என் பேரில் ஒரு நல்ல மனிசி உலாவுகிறாள், அவளை என்னால் பொறுக்க ஏலாது. வீட்டுப் படம் கேட்டிருந்தாய், எடுத்துக் கிடக்கிறது, இப்போது அனுப்ப மனமில்லை. வீடு உன் பேரில்தான் எழுதியிருக்கிறோம், அதனால் சொல்லி வைக்கிறேன், இனி ஆர் வந்து படலையடியில் நின்றாலும் உன்னைக் கேளாமல் ஏற்றுவேன், நாளும் பார்க்கமாட்டேன், துடக்கும் பார்க்கமாட்டேன். அடைக்கலநாதன் குடும்பத்தையும் போய்ப் போய்க் கேட்பேன், வருவதும் வராததும் அவர்கள் பாடு.

நீயும் மருமகனும் ஒருவருக்கொருவர் துணையாய், வயிற்றிலும் மனதிலும் ஒரு நோவுமில்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டுமென்று ஆசீர்வதிக்கிறேன். தலை துவட்டாமல் வெளிக்கிடாதே. கூட்டம் எப்போது என்று எழுது, சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுது, அதுவரை எனக்கு நித்திரை இல்லை.

உன்னில் பட்சம் மாறாத அம்மா,
பஞ்சலிங்கம் பத்மாவதி

மீனாம்பிகை, அம்மா கடிதத்தை ஒட்ட முதல் என்னிடம் வாசிக்கத் தந்தா. என்னில் பிழையில்லை என்று எழுதியிருக்கிறா. அன்று அடைக்கலநாதனைப் படலையில் கண்டவுடன் நான் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். எனக்குச் சொல்ல வெட்கமாயிருந்ததை அவ சொல்லட்டும் என்று பார்த்தேன். அவ சொல்லி முடித்ததும் எனக்கு ஆறுதலாய் இருந்தது. முப்பது வருசமாய் என்னோடு இருக்கிறவ, அந்தப் பார்வை விளங்கித்தான் சொன்னா. கூட்டத்தில் சொல்லும்போது அம்மாவும் அப்பாவும் என்று சொல்லு.

அப்பா