கஞ்சி போட்ட ஜப்பான் துணி

14 மே 1988, சனி. காலை 6.10. துணி: நான்கு.

புழுக்கம். காற்றே இல்லை. இருந்தும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முதலியார்பேட்டை ஆரோக்கியசாமி முசே, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்; அதனால் 'ஐயா' இல்லை, 'முசே'. அவர் மகன் பாரீசிலிருந்து கொண்டுவந்து, கார் துடைக்க என்னிடம் தந்த ஜப்பான் துணி. பருத்தி இல்லை. நூல் மயிரைவிட மெல்லிசு. விரல் வெடிப்பில் ஒட்டி இழுக்கிறது. நேற்று நான் வேலை பார்க்கும் சர்வீஸ் ஸ்டேஷனில் ஓர் அம்பாசடர் பானெட்டில் சோதனை: ஒரே இழுப்பு, தண்ணீர் காலி. வழக்கமாகத் துடைக்கும் பனியன் வேஸ்ட் கந்தல் மாதிரி பிசிறு விடவில்லை. டிப்ளமோவில் இதை ஒருத்தனும் சொல்லித் தரவில்லை.

திங்கள் முசே மகளுக்குக் கல்யாணம். அவருடைய கருப்பு பேஜோ கார் மாதா கோயில் வாசலில் மின்ன வேண்டும். மின்னினால் அவர் வீட்டுப் பின்பக்கக் கொட்டகை எனக்கு. சொந்த ஒர்க்‌ஷாப்!

"ஒரு கீறல் பாத்தேன், கொட்டகைய மறந்துடு" என்றார் முசே.

15, ஞாயிறு.

அண்ணி உதவி செய்துவிட்டார்கள். வாளியில் ஊறவைத்த நாலு துணியையும் அண்ணன் வேட்டியோடு துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, வெயிலில். காய்ந்து அப்பளம் மாதிரி விறைப்பு. இதைக் கருப்புப் பெயிண்டில் தேய்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்று. கத்தினேன்.

"துவைச்சிக் குடுத்ததுக்கு கத்துறியா? கஞ்சி இல்லாத துணி கல்யாண வூட்டுக்குப் போவுமா தம்பி?"

அண்ணன் சிரிப்பை அடக்க வெளியே போனான்.

கஞ்சி போக வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினேன், திரும்பத் திரும்ப மாற்றி. கொதிநீர் கூடாது, நைலான் ஜாதி, சுருங்கும் என்று ஊகம். நிழலில், தனியாகக் காயவைத்தேன். பழைய இசைத்தட்டில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு துணிகள் கோடு போட்டன. இரண்டு தேறின. போதுமா? போதாவிட்டாலும் அதுதான்.

முசேயிடம் போய் நேராகச் சொன்னேன். மறைத்துச் செய்ய எனக்கு வராது. வேறு ஆளை இனி எங்கே தேடுவது, செய், நான் நின்று பார்ப்பேன் என்றார்.

16, திங்கள்.

முதலில் நிறையத் தண்ணீர், மண் போக. பிறகு துணி. நாலாக மடித்தால் எட்டு முகம். ஒரு கதவுக்கு ஒரு முகம். வட்டம் கிடையாது, நேர் இழுப்பு. அழுத்தவே இல்லை. கோடு போட்ட இரண்டும் சக்கரத்துக்கு. முசே பின்னாலேயே, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி. டார்ச் அடித்துக் கதவு கதவாகப் பார்த்தார்.

மணப்பெண் வந்தாள். பானெட்டில் குனிந்து முகம் பார்த்து முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

காரில் ஏறப்போன முசே நின்று சொன்னார், "கொட்டகைப் பூட்டு துரு புடிச்சிருக்கும். எண்ண எடுத்துனு வா."

இனி:

1. எண்ணெய்.
2. வேலையை விடுவது. நாளைக்கே.
3. கொட்டகைக்குக் கரண்ட் உண்டா? கேட்க மறந்தேன்.
4. போர்டு எழுதுகிறவரைப் பார்ப்பது. பெயர் இன்னும் வைக்கவில்லை.