மழை கேட்ட பிரேயர்

டீச்சர், இன்று காலை ரசத்துக்கு உப்புப் போட ஜாடிக்குள் கையை விட்டேன். கல்லுப்பு நசநசவென்று விரலில் ஒட்டிக்கொண்டது. ஜன்னல் வழியே பார்த்தால் மேற்கே இருட்டிக்கொண்டு நிற்கிறது. "அப்பாடா, இன்னிக்காவது ஊத்துனா தேவல" என்றாள் மருமகள். நான் ஜாடியை மூடினேன். மழை வேண்டும் என்று நான் வாய்விட்டுச் சொல்லி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அந்த அரசுப் பள்ளிக்கு நான் வந்து சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில். திண்டிவனத்துக்கு மேற்கே விவசாயக் குடும்பம் எனக்கு. நீங்கள் கூனிமேட்டிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை நீங்கள் எனக்கு டீச்சர், நான் உங்களுக்கு டீச்சர். மதியம் மணி அடித்ததும் ஆபீஸ் ரூமில் பீரோவுக்குப் பின்னால் பாயை விரித்துத் தொழுவீர்கள். பிள்ளைகள் கண்ணில் படாதபடி கதவைச் சாத்திவிடுவீர்கள். நானோ வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதைக்கூட மறந்துபோகிறவள். ஆனால் காலை பிரேயரில் என் தொண்டைதான் தெருமுனைவரை கேட்கும். அதனாலேயே ஹெட்மாஸ்டர் பிரேயரை என் தலையில் கட்டினார்.

அந்த வருஷம் ஆனி முடிந்தும் ஒரு பொட்டு மழை இல்லை. எங்கள் கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது என்று அப்பா கடிதம் போட்டிருந்தார். மறுநாள் பிரேயரில் பிள்ளைகளைக் கைகூப்பச் சொல்லி, "கடவுளே, எங்களுக்கு மழை கொடு" என்று மூன்று தரம் சொல்ல வைத்தேன். அஞ்சாம் வகுப்பு செல்வி மட்டும் முன்வரிசையில் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் வருமே. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அவளை முன்னால் இழுத்து நிறுத்தித் தனியாகச் சொல்ல வைத்தேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

சாப்பிடும்போது நீங்கள் கேட்டீர்கள். "அந்தப் பொண்ணோட அம்மா என்ன வேல செய்யுதுன்னு தெரியுமா டீச்சர்?"

"அதுக்கும் சாமி கும்புடுறதுக்கும் என்னங்க?"

"உப்பு வார்ற வேல. மழை பெஞ்சா பாத்தியில இருக்கறதெல்லாம் கரைஞ்சுடும். அப்புறம் பத்துப் பதினஞ்சு நாளைக்கு அளத்துல வேல கெடையாது. அந்த வீட்டுப் பொண்ணப் போயி மழை கேக்கச் சொல்றீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஒத்துக்கொள்ள மனசு வருமா? "அஞ்சு வேள தொழுவுறவங்க நீங்க. புள்ளைங்கள சாமி கும்புட வெக்கிறது தப்புன்னு நீங்களே சொல்லலாமா?" என்று திருப்பினேன்.

"நான் தொழுவுறது எனக்கு. அதுங்க என்ன கேக்கணும்னு நான் எப்படிங்க முடிவு பண்றது? நாம டீச்சரு. நாம சொன்னா அதுங்க மாட்டேன்னு சொல்ல முடியுமா?" என்றீர்கள். மீதிச் சோற்றை உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தின்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பிடித்தது பாருங்கள் மழை! பள்ளிக்கூட ஓடு அதிர ஊற்றியது. நான் தாழ்வாரத்தில் நின்று கையை நீட்டி நீட்டி நனைத்துக்கொண்டேன். "பாத்தீங்களா, புள்ளைங்க கேட்டா கெடைக்கும்" என்று உங்களிடம் பீற்றிக்கொண்டேன். நீங்கள் அளம் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்கப்புறம் மூன்று நாள் செல்வி வரவில்லை. நாலாம் நாள் பிரேயர் நேரத்தில் அவள் அம்மா அஞ்சலை வந்து நின்றார். காலெல்லாம் சேறு. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

"மழை எப்பவும் பெய்யறதுதான் டீச்சர், அதுக்கு ஒங்கள ஒண்ணும் சொல்லல. இந்தப் பொண்ணு, தான் கேட்டதாலதான் பெஞ்சுதுன்னு அழுவுது. மூணு நாளா அதுக்குச் சோறு எறங்கல. வாயத் தொறந்தா இன்னும் எதுனா ஆயிடும்னு பேசவும் மாட்டேங்குது. நீங்களே வந்து சொல்லுங்க."

எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது.

சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தான். "நீங்க பேசுங்க டீச்சர், நான் பேசுனா ஏடாகூடமா ஆயிடும்" என்று வழியெல்லாம் கெஞ்சினேன். "கேக்க வெச்சது நீங்க. நீங்கதான் பேசணும்" என்று சொல்லிவிட்டீர்கள். அளத்து வரப்பு வழுக்கியது. பாத்திகளில் உப்பு இருந்த இடத்தில் கலங்கல் தண்ணீர் நின்றது. அதைப் பார்க்காமல் நடக்க வேறு வழி இல்லை.

அவர்கள் வீட்டில் செல்வி சுவரோரம் குந்தியிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மழை கேட்டது நாந்தாம்மா. நான் சொன்னத நீ திருப்பிச் சொன்ன, அவ்ளோதான். டீச்சர் செஞ்சது தப்பு" என்றேன். ஒரு பிள்ளையிடம் தப்பு என்று ஒத்துக்கொண்டது எனக்கு அதுதான் முதல் தடவை. அவள் என்னை நம்பவில்லை. உங்களைப் பார்த்தாள்.

"வாயால மழை கேட்ட. மனசுக்குள்ள என்ன சொன்ன?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

மூன்று நாளைக்கு அப்புறம் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வேணாம், வேணாம்னு சொன்னேன்."

"அப்ப அதாண்டி நீ கேட்டது. வாயி இந்த டீச்சர் சொன்னதச் சொல்லிச்சி."

"அப்புறம் ஏன் டீச்சர் பெஞ்சுது?"

"தெரியலடி. எனக்கும் தெரியாது, இவங்களுக்கும் தெரியாது."

ரெண்டு டீச்சருக்குமா தெரியாது என்று அவளுக்கு ஆச்சரியம். லேசாகச் சிரித்தாள். அஞ்சலை தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார், சாப்பிட்டாள். திங்கட்கிழமை பள்ளிக்கும் வந்தாள்.

அதற்கப்புறம் பிரேயரில் வாழ்த்துப் பாட்டு முடிந்ததும் ஒரு நிமிஷம் எல்லோரையும் சும்மா நிற்கச் சொன்னேன். அவரவர் மனசில் இருப்பதை அவரவர் கேட்கட்டும், கேட்க ஒன்றும் இல்லையென்றால் சும்மா நிற்கட்டும். ஹெட்மாஸ்டர் முணுமுணுத்தார். எனக்குமே ரொம்ப நாள் ஏதோ குறைந்ததுபோல்தான் இருந்தது. நூறு பிள்ளைகள் ஒரே குரலில் கேட்கும்போது உடம்பு சிலிர்க்குமே, அது சும்மா நிற்பதில் வருமா? பஸ் ஸ்டாப்பில் இதைச் சொல்லி உங்களோடு எத்தனை சண்டை! "சிலிர்ப்பு ஒங்களுக்குத்தானே டீச்சர், அதுங்களுக்கா?" என்று ஒரே போடாகப் போடுவீர்கள். அதற்குள் பஸ் வந்துவிடும். நானும் ஒவ்வொரு நாளும் ஒரு பதில் யோசித்துக்கொண்டு வருவேன். ஒன்றும் உங்களிடம் எடுபட்டதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நான் பார்க்க வந்தபோது பாதியாக இளைத்துக் கிடந்தீர்கள். முக்காட்டைச் சரிசெய்யக்கூடக் கை எழவில்லை. நான்தான் இழுத்துவிட்டேன். "ஒங்களுக்காக வேண்டிக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

சிரித்தீர்கள். "பரவால்லயே, கேட்டுட்டுச் செய்யறீங்க. தேறிட்டீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வேண்டிக்கங்க. ஆனா நான் பொழைக்கணும்னு கேட்டுடாதீங்க. வலி இல்லாம சீக்கிரம் போவணும்னு கேளுங்க. முடியல டீச்சர்" என்றீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மரக்காணம் நெருங்கும்போது உப்பளம் வெள்ளைவெளேரென்று தெரிந்தது. கையைக் கூப்பிக்கொண்டு, வலி வேண்டாம், சீக்கிரம் போகட்டும் என்று நீங்கள் சொன்னபடியே வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்து சீட்டு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஐந்தே நாளில் போய்விட்டீர்கள். தூக்கத்திலேயே, வலியில்லாமல் என்று உங்கள் மகள் சொன்னாள். நான் கேட்டதால்தானோ என்று எனக்கும் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. செல்விக்கு நீங்கள் சொன்னதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன். வாய் நீங்கள் சொன்னதைச் சொன்னது டீச்சர். மனசுக்குள் நான் வேண்டாம், வேண்டாம் என்றுதான் சொன்னேன்.