உன் பையில் இருந்த மூன்று கட்டைகள்

இன்று காலை சூளையைத் திறந்தோம். பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் தட்டுத் தட்டாக இளஞ்சூட்டோடு வெளியே வந்தன. ஒன்றைக் கையில் எடுத்ததும் உன் குரல் கேட்டது. "ஏண்டா மொதலாளி, ஒன் கட்டைய நம்பித்தான் கம்பம் ஏறுறேன். ஒழுங்கா வேவ வையி!"

பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. நான் பல்கலைக்கழகம் போய்வந்து பீங்கான் பட்டறை வைத்தேன். நீ லைன்மேன் ஆனாய். கம்பம் ஏறுமுன் டிரான்ஸ்பார்மரின் மூன்று கட்டைகளையும் பிடுங்கி, வேறெவரும் திரும்பச் செருகிவிடாதபடி உன் தோள்பையில் போட்டுக்கொள்வாய். "மூணும் எம்பையில இருக்குது. எமனே வந்தாலும் எங்கிட்டதான் கேக்கணும்."

எமன் வேறு வழியாக வந்தான்.

என் தெருவின் கடைசி வீட்டுக்காரர், மரியாதைக்குரிய மனிதர், மாடியில் சோலார் தகடுகள் வைத்து, ஃபோனில் பார்த்த முறைப்படி ஓர் இன்வெர்ட்டரைத் தாமே கூடத்துப் பிளக்கில் செருகியிருந்தார். வெயிலின் மின்சாரம் அதன் வழியே வீட்டுக் கம்பியில் கலக்கும். தெருவில் மின்சாரம் நின்றால் அத்தகைய கருவி அக்கணமே தானும் நின்றுவிட வேண்டும். அவருடையது நிற்காது. அதையே பெருமையாகக் காட்டினார். "லைன்ல கரண்டு போனாலும் நம்ம வூட்டு ஃபேன் நிக்காது சார்!"

படித்தவன் நான். அதன் பொருள் உடனே புரிந்தது. அதற்குள் அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன். அக்கம்பக்கத்தில் மனவருத்தம் எதற்கு என்று எண்ணினேன். உன்னிடமும் சொல்லவில்லை.

மறு வாரம் காற்றில் அந்த வீட்டுக்கு வரும் கம்பி அறுந்தது. உச்சி வெயில். நீ மூன்று கட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு வந்து, தொங்கிய வீட்டுப்பக்க முனையைப் பற்றினாய். மின்சாரம் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரவில்லை. மாடியிலிருந்து வந்தது.

விசாரணை, நீ கையுறை அணியவில்லை என்ற ஒரே வரியில் முடிந்தது. வீட்டுக்காரர் மாலையோடு வந்து, "விதி சார்" என்றார். உன் காரியம் முடிந்த மறுநாள் கருவியை மீண்டும் செருகினார். அதை அகற்றச் சொல்லி மின்வாரியத்துக்கு நான் கொடுத்த மனுக்கள் ஒவ்வொன்றுக்கும் ரசீது வந்தது. ஆள் எவரும் வரவில்லை.

உன் மனைவி அந்தப் பையை அவிழ்த்து மூன்று கட்டைகளையும் என்னிடம் நீட்டினார். "நீங்க செஞ்சதுதானண்ணா. நீங்களே வச்சிக்குங்க." அவற்றில் விரிசல் கூட இல்லை.

இப்போதெல்லாம் தெருவில் மின்சாரம் நின்றால் அந்த வீட்டுக்குப் போகிறேன். மாடி மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகாதபடி, மீட்டர் பலகையிலுள்ள ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். அதுவும் என் சூளையில் வெந்ததே. "தாராளமா எடுத்துக்குங்க சார், ஃபேன் எப்படியும் ஓடும்" என்று சிரிக்கிறார். காப்பி தருகிறார்கள், குடிப்பதில்லை. புதிய லைன்மேன் இறங்கும்வரை கம்பத்தடியில் நிற்கிறேன்.

நான் பட்டறையில் இருக்கும் பொழுதுகளில் அந்தக் கட்டை அதன் இடத்திலேயே இருக்கிறது.