உப்பு ஒட்டவில்லை என்றேன்

ஒரு வாரமாக விடாத மழை. சமையலறையில் உப்பு கட்டிப்போய்க் கிடக்கிறது, கரண்டி இறங்கவில்லை. காம்பால் குத்திக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். செத்துப்போனவர்களை நினைவூட்ட மற்றவர்களுக்கு ஒரு பாட்டோ பூவோ இருக்கும். எனக்கு நீ உப்பில் வருகிறாய்.

உன் காப்பித்தூள் பாட்டில் என்னிடம்தான் இருக்கிறது. வறுத்து ஆறவைத்த உப்பு இரண்டு கரண்டி எப்போதும் அதில் வைத்திருப்பாய். வாலாஜாபாத் பக்கமிருந்து வைக்கோல் கட்டுகள் லாரியில் வந்ததும், ஒரு கட்டின் நடுவிலிருந்து கொஞ்சம் உருவி, உள்ளே போட்டு மூடிக் குலுக்குவாய். உப்பு உதிர்ந்து கிடந்தால் கட்டு சுவருக்குப் போகும். கண்ணாடியில் ஒட்டினால் லாரி திரும்பிப் போகும். ஈரம் அளக்கும் கருவி வாங்கலாம் என்று நான் சொன்னபோது, "அதுக்கு பேட்டரி மாத்தணும். உப்பு சும்மாவே சொல்லும்" என்றாய்.

கல்லூரியில் நமக்கு ஒரே பெஞ்சு. பிறகு மறைமலை நகரில் ஒரு மாடி அறையில் சேர்ந்து போட்ட அலுவலகம். கம்பெனிகளுக்குக் காம்பவுண்டு சுவரும் கழிப்பறையும் கட்டிக்கொண்டிருந்த நமக்கு, ஒரகடத்துக்கு அருகே அந்தப் பெண்கள் விடுதி வேலை கிடைத்தது. உள்ளூர் விவசாயக் குடும்பத்து ஓனர், தகரக் கூரை போட்ட அறைகள் போதும் என்றார். கம்பெனிகளில் நைட் ஷிப்ட் முடித்து வருகிற பெண்கள் பகலில் அந்தத் தகரத்துக்கு அடியில் எப்படித் தூங்குகிறார்கள் என்று பார்க்க, சுங்குவார்சத்திரத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் மத்தியானம் முழுக்கப் படுத்திருந்துவிட்டு வந்தாய். முகமெல்லாம் சிவந்திருந்தது. "அது தூக்கமில்லடி. மயங்கிக் கிடக்குதுங்க."

அங்கே பிறந்ததுதான் அந்தச் சுவர். சவுக்குக் கால்கள், நடுவே அடுக்கிய வைக்கோல் கட்டுகள், இரு பக்கமும் மண்ணும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு, மேலே ஓடு. அறுவடை முடிந்தால் வயலிலேயே கொளுத்திவிடுகிற ஒரு பொருளை ஒன்றரை அடி கனத்துக்கு வெயிலுக்குக் குறுக்கே நிறுத்தினாய்.

மேஸ்திரி முதல் நாளே சிரித்தார். "இன்னாம்மா, பொண்ணுங்களுக்கு ஆஸ்டலா, மாட்டுக்கு லாட்ஜா? மாடு வந்து வூட்டத் துன்னுட்டா யாரப் போய்க் கேக்கறது?"

"மாடுகிட்டயும் அட்வான்ஸ் வாங்கிடலாம் மேஸ்திரி" என்றாய் நீ.

தெற்கு வரிசை கோடையிலேயே முடிந்தது. குடிவந்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "எக்கா, உள்ள ஏசி எதுவும் ஒளிச்சு வச்சிருக்கியளா?" அன்றுபோல் நீ சிரித்து நான் பார்த்ததில்லை.

வடக்கு வரிசை மழையில் மாட்டிக்கொண்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பெண்கள் திரும்பி வந்ததும் அங்கே குடியேறலாம் என்று கம்பெனிக்கு ஓனர் வாக்குக் கொடுத்திருந்தார். கடைசி லோடு வந்த அன்று தார்ப்பாய் கிழிந்திருந்தது. உன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நீ காஞ்சிபுரத்தில் இருந்தாய். ஓனர் வாசலில் நின்று, "இன்னும் எத்தினி நாளுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பாட்டிலைக் குலுக்கினேன். உப்பு ஒட்டியது. வேறு கட்டிலிருந்து எடுத்துக் குலுக்கினேன். அதுவும் ஒட்டியது.

நீ போன் செய்தாய். "உப்பு ஒட்டுதா?"

"ஒட்டலை."

"சரி, அடுக்கச் சொல்லு."

இரண்டாம் முறை நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கையும் இல்லை.

நீ திரும்புவதற்குள் பூச்சு எல்லாவற்றையும் மூடியிருந்தது. அடுத்த ஆடிக்குள் மக்கல் வாடை கிளம்பிவிட்டது. வடக்குச் சுவர்களில் கறுப்பு பூத்தது, பெண்கள் இருமினார்கள். ஓனர் அந்த வரிசையைப் பூட்டினார். வட்டாரம் முழுக்க அதற்கு 'மக்கிப்போன ஆஸ்டல்' என்று பெயராயிற்று. வைக்கோல் என்று வாயெடுத்தாலே சிரித்தார்கள், வேறு யாரும் நம்மைக் கட்டச் சொல்லவில்லை.

நீ மட்டும் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தாய். "உள்ள ஈரமில்ல. அப்ப தண்ணி வெளியிலேர்ந்துதான் வந்திருக்கணும்." என் ஒரு சொல்லை நம்பி, உன்னிடம் இல்லாத தப்பை உன்னிடமே தேடினாய். கூரையை மாற்றி மாற்றி வரைந்தாய். மார்பில் வந்த கட்டி உன்னைப் படுக்கையில் போட்ட பிறகும் விடவில்லை. கடைசியாக நான் வந்தபோது, "கூரைய இன்னும் ஒரு அடி வெளிய இழுத்திருக்கணுமோ?" என்று கேட்டாய். உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். "பேசாதே, மூச்சு வாங்குது" என்றேன். நான்கு நாளில் நீ இல்லை.

போன மாதம் ஓனர் கூப்பிட்டார். எல்லாவற்றையும் இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பப்போகிறாராம், சவுக்குக் கால்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் போனபோது ஜேசிபி வேலையைத் தொடங்கியிருந்தது. வடக்குச் சுவர் பிளந்து கறுப்புச் சகதியாகச் சரிந்தது. பிறகு தெற்கு. பூச்சு உடைந்ததும் உள்ளே வைக்கோல், நேற்று களத்தில் உதறிக் கட்டியதுபோல் பளீரென்ற மஞ்சளில் இருந்தது. இரண்டு வரிசைக்கும் ஒரே கூரை, உன் கூரை.

ஓனர் குனிந்து ஒரு கற்றையை எடுத்துப் பார்த்தார். "இன்னாம்மா இது? ஒரே வூட்டுல ரெண்டு மாதிரி கீது?"

சொன்னேன். லாரி, தார்ப்பாய், உப்பு, போன், எல்லாம்.

அவர் கற்றையைக் கீழே வைத்தார். "நான் அந்தம்மாவ வாயில வந்தபடி பேசினேனேம்மா" என்றார். "அவங்க இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ல?" என் பதிலுக்கு நிற்கவில்லை. டிரைவரைப் பார்த்துக் கையசைத்தார். "நீ தள்ளுப்பா."

மூன்று மாடியையும் அதற்கு மேல் தகரக் கூரை அறைகளையும் கட்டித்தர முடியுமா என்று கிளம்பும்போது கேட்டார். இப்போதெல்லாம் நான் அவற்றைத்தான் கட்டுகிறேன் என்று அவருக்குத் தெரியும். இன்னும் பதில் சொல்லவில்லை.

தெற்குச் சுவரிலிருந்து ஒரு பிடி வைக்கோலைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். இன்று உப்பை வறுத்து, ஆறவைத்து, உன் பாட்டிலில் அதோடு போட்டு மூடினேன். வெளியே மழை கொட்டுகிறது. குலுக்கினேன்.

ஒட்டலைடி.